இருமலுக்குதவும் நுரைச்சத்து மூலிகைகள்

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கித் தை மாதத்துப் பனி விலகும் வரையில், கடலூர், சிதம்பரம் தாலுக்காக்களில் இருமலும் சளியும் எட்டிப் பாராத வீடு அரிது. சம்பா வயல்களில் நீர் கட்டி நிற்பதும், கொள்ளிடத்திற்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்ட தாழ்ந்த பூமியில் ஈரம் வற்றாதிருப்பதும், விடியற்காலையில் குடியானவர்கள் பனியில் நனைந்து வேலை செய்வதும் இதற்கு அநுகூலமாகின்றன. இந்நோய்க்கு முன்னோர் கையாண்ட பச்சிலைகளிற் பல இப்பிரதேசத்து வேலிகளிலும், வரப்புகளிலும், வாய்க்காற் கரைகளிலும் விதைப்பாரின்றியே முளைக்கின்றன. அவற்றைக் களையென்று வெட்டி எறிவோரும் உளர். இன்னதென்று அறியாமல் குழந்தைக்கு அரைத்துப் புகட்டி ஆபத்தை வருவித்துக்கொள்வோரும் உளர். 2025-ஆம் வருஷத்தில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாடா ஜில்லாவில், டைஎதிலீன் கிளைக்கால் என்னும் விஷம் கலந்த இருமல் பானகத்தை அருந்திய குழந்தைகள் மூத்திரப்பை வேலையற்று மாண்டனர் என்று சொல்லப்படுவது தவறு. சிறுநீரகங்கள் கெட்டே அவர்கள் மாண்டனர். அச்செய்தி பரவியபின், கடைமருந்தை விட்டுக் கொல்லைப் பச்சிலையை நாடுவோர் தொகை மிகுவது இயல்பே. ஆகையால் எந்தப் பச்சிலை எதனால் வேலை செய்கிறது, எது எவ்வளவில் தீங்கு தரும் என்பவற்றைத் தெளிவாக அறிந்திருப்பது அவசியமாகிறது.

இம்மூலிகைகளுட் பெரும்பாலானவற்றில் பொதுவாகக் காணப்படும் பொருள் சப்போனின் என்பது. அதனைத் தமிழில் நுரைச்சத்து என்று சொல்லலாம். சோப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே இப்பெயர் பிறந்தது. பூந்திக்கொட்டையின் தோலைத் தண்ணீரிற் கசக்கினால் நுரை பொங்குவதும், சீகைக்காய்த் தூளும், உசிலை இலையை உலர்த்திப் பொடித்த அரப்பும் தலையிலுள்ள எண்ணெயைப் போக்குவதும் இச்சத்தினாலேயே. பூந்தி மரத்தின் சாஸ்திரப் பெயராகிய சப்பிண்டஸ் என்பதற்கே ‘இந்தியச் சோப்பு’ என்று பொருள். சர்க்கரையோடு சேர்ந்த ஒரு பகுதி நீரை நாடும். மற்றொரு பகுதி எண்ணெயையும் கொழுப்பையும் நாடும். இவ்விரண்டு குணமும் ஒரே அணுத்திரளில் அமைந்திருப்பதால், அது நீரின் மேற்பரப்பு விறைப்பைத் தளர்த்தி நுரையை உண்டாக்குகிறது.

பச்சிலையொன்றில் இச்சத்து உண்டா என்று எவரும் வீட்டிலேயே பார்க்கலாம். உலர்ந்த இலைத்தூளைச் சிறிது வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, கண்ணாடிப் புட்டியிற் பாதியளவு ஊற்றிப் பலமாகக் குலுக்கி வைத்துவிட வேண்டும். பத்து அல்லது பதினைந்து நிமிஷம் சென்ற பின்னும் தேன்கூடு போன்ற நுரை ஒரு விரற்கடை உயரம் நிற்குமாயின் நுரைச்சத்து உண்டென்று கொள்ளலாம். ஆயினும், நுரைப்பதெல்லாம் மருந்தன்று. பூந்திக்கொட்டை எல்லாவற்றிலும் அதிகமாக நுரைக்கும். அதை உள்ளுக்குக் கொடுத்தாலோ வாந்தியும் பேதியும் காணும்.

நுரைச்சத்தின் கொடிய பக்கத்தைக் கடலோரக் கிராமத்தார் நன்கு அறிவர். பரங்கிப்பேட்டை, கிள்ளை முதலிய இடங்களைப் போன்ற உப்பங்கழிப் பிரதேசங்களில் இறால் வளர்ப்போர், குஞ்சுகளை விடுமுன் குளத்திலுள்ள பகைமீன்களை ஒழிப்பதற்குத் தேயிலை விதைப் பிண்ணாக்கை இடுவதுண்டு. அப்பிண்ணாக்கிலுள்ள நுரைச்சத்து மீனின் செவுளைக் கெடுத்து, இரத்தத்திற் கலந்து, சிவப்பணுக்களை உடைத்துவிடுகிறது. இலுப்பைப் பிண்ணாக்கினால் குட்டையில் மீன் மிதப்பதும் இதே காரணத்தினால்தான். அப்படியாயின் மனிதர் உண்ணும்போது இரத்தம் ஏன் கெடுவதில்லை என்ற கேள்வி எழலாம். நுரைச்சத்தின் அணுத்திரள் பெரியது. ஆரோக்கியமான குடலின் சுவரைத் தாண்டி இரத்தத்திற் சேர்வது மிகச் சொற்பம். பெரும்பகுதி குடலிலேயே சிதைந்து கழிகிறது. ஆகவே வாய்வழி சிறு அளவில் உண்பது ஒன்று. புண்ணில் தடவுவதோ, மிகையாக உண்பதோ வேறொன்று.

இனி, இது சளியை எவ்வாறு இளக்குகிறது என்பதைக் கவனிக்கலாம். நுரைச்சத்து இரைப்பையின் உட்சவ்வைச் சற்றே உறுத்துகிறது. அவ்வுறுத்தலைத் தாங்கிச் செல்லும் நரம்பு, சுவாசக் குழாய்களிலுள்ள சுரப்பிகளையும் தூண்டுகிறது. அவை நீர்த்த கபத்தை அதிகமாகச் சுரக்கவே, முன்பு பசைபோல் ஒட்டியிருந்த சளி நெகிழ்ந்து, இருமும்போது எளிதில் வெளிப்படுகிறது. இதே வழியில் மிகையாக உறுத்தினால் வாந்தி உண்டாகும். கபத்தை வெளிப்படுத்தும் பழைய மருந்துகள் பலவும் சற்று அளவு கூடினால் வாந்தி மருந்துகளாக மாறுவதன் இரகசியம் இதுவே. ஐரோப்பாவில் ஐவி என்னும் கொடியின் இலைச்சத்தை இன்றும் இருமலுக்குக் கொடுக்கின்றனர். அதிலுள்ள ஆல்பா ஹெடரின் என்னும் நுரைச்சத்து, சுவாசக் குழாய்த் தசைகளைத் தளர்த்தும் இயற்கை ஏற்பாட்டிற்குத் துணைசெய்கிறது என்று பிற்கால ஆராய்ச்சிகள் கூறுகின்றன. வட அமெரிக்கப் பழங்குடியினர் கையாண்ட செனிகா வேரும் நுரைச்சத்துள்ளதே. அது 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வைத்தியர்களின் கைக்குச் சென்றது. கடலுக்கு அப்பாலுள்ளவர்கள் வேறு வேறு செடிகளைக் கொண்டு கண்ட பலனும் இப்பக்கத்தார் தூதுவளையைக் கொண்டு கண்ட பலனும் ஒரே திசையில் நிற்பது கவனிக்கத் தக்கது.

தூதுவளை, கத்தரி இனத்தைச் சேர்ந்த முட்கொடி. சொலானம் டிரைலோபேட்டம் என்பது சாஸ்திரப் பெயர். இலை பிளவுபட்டும், இலையின் நரம்பிலும் தண்டிலும் வளைந்த முட்களுடனும், பூ ஊதா நிறமாகவும், காய் பழுத்தபோது சிவந்தும் இருக்கும். வேலியிற் படர்ந்துவிட்டால் அதைத் தேட வேண்டியதில்லை. பிடித்திழுத்தவன் கையே சொல்லும். முள்ளை நீக்கி இலையைத் துவையலாகவும், இரசத்திலிட்டும், நெய்யில் வதக்கியும் உண்பது இல்லங்களில் நெடுங்காலமாக வழங்கும் முறை. இம்முறையே பத்திரமானதுங்கூட, உணவோடு சேர்வதால் அளவு தானே கட்டுப்படுகிறது.

கண்டங்கத்திரி அதன் உறவு. தரையோடு படர்ந்து, மஞ்சள் நிறமான நீண்ட முட்களை உடையது. காய் வெண்பச்சைக் கோடுகளுடன் இருந்து, பழுக்கும்போது மஞ்சளாகும். நீர் தேங்கும் சிதம்பரம் நஞ்சையில் இது அருமை. விருத்தாசலம், திட்டக்குடிப் பக்கத்துப் புஞ்சை மேடுகளிலும் தரிசுகளிலும் தாராளமாகக் கிடைக்கும். வைத்தியர் தசமூலம் என்னும் பத்து வேர்களில் இதனையும் ஒன்றாகச் சேர்த்துள்ளனர். இவ்விரு செடிகளிலும் நுரைச்சத்தோடு, அதற்கு இனமாகிய சொலசோடின் வகைச் சத்துக்களும் உள்ளன. 1999-இல் வெளியான ஒரு சிறு பரீட்சையில், மிதமான சுவாச காசமுள்ளவர்களுக்கு இவற்றில் ஏதேனும் ஒன்றன் தூள் 300 மில்லிகிராம் ஒருவேளை கொடுக்கப்பட்டது. மூச்சின் அளவு கருவியால் அளக்கப்பட்டு, முன்னிலும் திருந்தியிருக்கக் காணப்பட்டது. ஆயினும் அந்தப் பலன், ஒப்பிடுவதற்காகக் கொடுக்கப்பட்ட சால்புட்டமால் மாத்திரையின் பலனிலும் குறைவே. இவ்விரண்டு உண்மைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மூச்சுத் திணறுபவனுக்குத் தூதுவளைச் சாறு கொடுத்துவிட்டு விடியும் வரை காத்திருப்பது தகாது.

நாயுருவியைக் களையென்றே எல்லோரும் அறிவர். அதன் கதிர் வேட்டியில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். அதன் விதையிலும் வேரிலும் நுரைச்சத்து உண்டு; இருமலுக்குச் சித்த வைத்தியர் அதைப் பலவிதமாகச் சேர்ப்பர். வாகை மரத்தின் பட்டையும் இவ்வகைப்பட்டது. வாய்க்காற் கரையிலும் வயலின் ஈர ஓரங்களிலும் பாய்போற் படரும் நீர்ப்பிரமியை ஞாபக சக்திக்கென்று பலர் அறிவர். குழந்தைகளின் மார்ச்சளிக்கு அதனை வதக்கி ஒற்றடமாக இடும் வழக்கமும் உண்டு. அதன் முக்கிய சத்துக்களாகிய பாக்கோசைடுகளும் நுரைச்சத்து இனமே. ஆனால் நீர்ப்பிரமியிடம் ஒரு குணம் உண்டு: நீரிலும் சேற்றிலும் காட்மியம், ஈயம் முதலிய உலோகங்கள் கலந்திருந்தால் அவற்றை உறிஞ்சித் தன் உடலிற் சேர்த்துக்கொள்ளும். ஆதலால், தொழிற்சாலைக் கழிவுநீரோ நகரத்துச் சாக்கடையோ கலக்கும் ஓடையிற் பறித்த நீர்ப்பிரமியை உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது. வீராணம் ஏரிப் பாசனத்தில் சுத்தமான வாய்க்கால் வயலில் விளைந்ததும் சாக்கடையோரம் விளைந்ததும் பார்வைக்கு ஒன்றே. வாங்குபவன் கண்டுபிடிக்க மாட்டான், பறித்தவனே அறிவான்.

ஆடாதோடையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. இருமல் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அதுவே; ஆனால் அதன் பலன் நுரைச்சத்தினால் அன்று. வாசிசின் என்னும் காரப்பொருளே அதில் முக்கியம். அப்பொருளைத் தொடக்கமாகக் கொண்டே பிற்காலத்தில் புரோம்ஹெக்சின் என்னும் சளிமருந்தும், அதிலிருந்து ஆம்புராக்சாலும் செய்யப்பட்டன. இன்று மருந்துக்கடையில் வாங்கும் இருமல் பானகத்திற்கும் வேலியோரத்துச் செடிக்கும் இவ்வாறு உறவு உண்டு. ஆடுமாடு மேயாததால் ஆடாதோடையை உயிர்வேலியாக வளர்ப்பது எளிது. தழையுரமாகவும் அதை வயலில் மிதிக்கலாம். கருப்பமுற்ற பெண்களுக்கு மட்டும் அதைக் கொடுக்கலாகாது. கருப்பையைச் சுருக்கும் குணம் அதற்கு உண்டு.

மளிகைக் கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் விற்கப்படும் அதிமதுரம் இப்பக்கத்தில் விளைவதன்று. ஈரான், ஆப்கானிஸ்தானம், மத்திய ஆசியா முதலிய வறண்ட குளிர்நாடுகளின் வேர் அது. அதன் தித்திப்பு கிளிசரைசின் என்னும் நுரைச்சத்தினாலாயது. தொண்டை உறுத்தலை அது தணிக்கும் என்பதில் ஐயமில்லை. எனினும் 1946-இல் ஹாலந்து தேசத்து வைத்தியர் ரெவெர்ஸ் என்பவர், வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரம் உண்ட நோயாளிகளிற் சிலருக்கு முகமும் காலும் வீங்குவதைக் கண்டு வெளியிட்டார். உடலில் உப்பும் நீரும் தங்கி, பொட்டாசியம் குறைந்து, இரத்த அழுத்தம் ஏறுவதே காரணமென்று பின்னர்த் தெளிவாயிற்று. நாள்தோறும் உண்பவர்க்குக் கிளிசரைசின் 100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது ஐரோப்பிய நிபுணர் குழுவின் வரையறை. வேரில் நூற்றுக்கு நான்கு பங்கு அச்சத்து இருக்குமாயின், 2½ கிராம் வேரிலேயே அவ்வளவும் வந்துவிடும். இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்போர், இருதய நோயாளர், கர்ப்பிணிகள் ஆகியோர் அதிமதுரக் கஷாயத்தை வழக்கமாகக் குடிப்பது நல்லதன்று.

விலையுயர்ந்த வெளிநாட்டு வேருக்குப் பதிலாகக் குன்றிமணிக் கொடியின் வேரைக் கலப்பது பழைய மோசடி. அதற்கு ‘இந்திய அதிமதுரம்’ என்ற பெயரே வழங்கியதுண்டு. குன்றிமணி இலையை மென்றால் தித்திக்கும். அதிலும் தித்திப்பான நுரைச்சத்துக்கள் உள. இங்கேதான் மிகவும் எச்சரிக்கை வேண்டும். அக்கொடியின் விதையில், சிவப்பும் கறுப்புமாகத் தட்டான் தராசில் எடையாக இருந்த அந்தக் குன்றிமணியில், அப்ரின் என்னும் கொடிய விஷம் இருக்கிறது. மேலோடு கெட்டியாதலால், முழுதாக விழுங்கிய விதை சில சமயம் அப்படியே கழிந்துவிடும். மென்றாலும், துளையிட்டு மாலை கோத்த மணியைச் சப்பினாலும் விஷம் வெளிப்படும். ஒன்றே குழந்தையின் உயிரைக் குடிக்கப் போதும். இதற்கு மாற்று மருந்து இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் வடநாட்டில் தோலுக்காக மாடுகளைக் கொல்லும் தீயோர், குன்றிமணியை அரைத்துச் செய்த ஊசியை மாட்டின் உடலிற் குத்திக் கொன்றனர் என்பது பழைய குற்றவியல் வைத்திய நூல்களிற் காணப்படுவது. ஆகையால் இருமலுக்கென்று குன்றிமணிக் கொடியைக் கொல்லையிற் படரவிடும் வீட்டில் சிறு குழந்தைகள் இருப்பின், காய் வெடிக்குமுன் கொடியை அறுத்துவிடுவதே உசிதம். விழுங்கியது தெரிந்தால் வாந்தி பேதி காணும் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

குழந்தைகளைப் பற்றி மேலும் இரண்டொரு விஷயம் உண்டு. பச்சிலைச் சாற்றைத் தேனிற் குழைத்து நாக்கில் தடவும் வழக்கம் எங்கும் உள்ளது. ஒரு வயது நிரம்பாத சிசுவுக்குத் தேன் கொடுக்கலாகாது. தேனிற் சில வேளை தங்கியிருக்கும் நுண்கிருமி சிசுவின் குடலில் வளர்ந்து உடலைத் துவளச் செய்யும். மூச்சு விரைவாக ஓடுவதும், விலாவின் கீழே குழி விழுவதும், பால் குடிக்க மறுப்பதும் நிமோனியாவின் அறிகுறிகளாதலால், அக்குழந்தைக்கு மூலிகை தேடும் நேரம் அதுவன்று. பெரியவர்களிலும், இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமலோடு மாலைக் காய்ச்சலோ, இளைப்போ, கபத்தில் இரத்தமோ காணப்பட்டால் அது க்ஷயமாக இருக்கலாம். க்ஷயத்திற்குரிய கபப் பரிசோதனையும் மருந்தும் அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் இனாமாகவே கிடைக்கின்றன. தூதுவளை க்ஷயத்தைத் தீர்க்காது. சளியை இளக்கிச் சற்றே சுகம் தருவதால், உண்மையான வைத்தியத்தைத் தள்ளிப்போடச் செய்து, வீட்டிலுள்ள மற்றவர்க்கும் நோய் தொற்ற இடங்கொடுக்கும்.

இனிச் சாகுபடி. இம்மூலிகைகளைத் தனிப் பயிராக ஏக்கர் கணக்கில் இடுமாறு குடியானவர்களைத் தூண்டுவது நியாயமன்று. இவற்றின் தேவை நெல், கரும்பு, மணிலாக்கொட்டை போன்றதன்று. வேலி, வரப்பு, மோட்டார்க் கொட்டகையின் பின்புறம், பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் முந்திரித் தோப்பின் ஓரங்கள் ஆகிய இடங்களே இவற்றுக்குப் போதும். தூதுவளையைப் பழுத்த காயின் விதையைக் கொண்டு நாற்றுவிட்டோ, முற்றிய தண்டை வெட்டி நட்டோ உண்டாக்கலாம். நீர் தேங்கினால் வேர் அழுகும். ஆகையால் சிதம்பரத்துக் களிமண் பூமியில் மேட்டுப் பாத்தி கட்டியே நட வேண்டும். படர்வதற்குக் கொம்பு ஊன்றிவிட்டால் இலை மண் படாமல் சுத்தமாக இருக்கும். பறிப்பவர் கையும் பிழைக்கும். நீர்ப்பிரமிக்கோ இதற்கு எதிரான நிலம் வேண்டும். எப்பொழுதும் சேறு காயாத இடத்தில் தண்டுத் துண்டுகளைப் பதித்தாலே பிடித்துக்கொள்ளும்.

களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ தெளித்த வயலின் வரப்பில் மூலிகை பறிக்கலாகாது என்பதைச் சொல்லாமலே உணர வேண்டும். எனினும் வழக்கத்தில் அது கவனிக்கப்படுவதில்லை. கூலியாட்கள் தெளித்தது நிலச்சொந்தக்காரருக்குத் தெரியும். பச்சிலை பறிக்க வரும் கிழவிக்குத் தெரியாது. தெளித்த வரப்பில் அடையாளமாக ஒரு குச்சி நட்டு வைப்பதில் செலவொன்றுமில்லை.

விற்பனைக்கு உலர்த்துவோர் நிழலிலும் காற்றோட்டத்திலும் உலர்த்த வேண்டும். பச்சையிலையில் நூற்றுக்கு 80 பங்கு நீர் இருப்பதாகக் கொண்டால், 100 கிலோ இலையில் வறண்ட பொருள் 20 கிலோ. சரக்கில் 10 பங்கு ஈரம் நிற்க உலர்த்தினால் 22 கிலோ தேறும். எனவே உலர்ந்த சரக்கின் விலை பச்சையிலையின் விலையைப் போல 4½ மடங்கிற்குக் குறையுமாயின், உலர்த்திய கூலியும் சேர்ந்து நஷ்டமே. மழைக்காலத்தில் அரைகுறையாக உலர்ந்து சாக்கில் அடைத்த இலையில் பூஞ்சணம் பூக்கும். அது மருந்துக்கு ஆகாது. கண்டங்கத்திரியைக் காயோடு சமூலமாகப் பிடுங்கி, மண்ணை உதறிக் கழுவி, நறுக்கி உலர்த்துவர். தடித்த வேரும் காயும் உள்ளே ஈரமாகவே இருந்துவிடுமாதலால் அவற்றைப் பிளந்து போடுவது நலம்.

மூலிகை நாற்றைப் பெரும் விலைக்கு விற்று, விளைந்ததையெல்லாம் தாமே வாங்கிக்கொள்வதாக வாக்களித்து, அறுவடைக் காலத்தில் முகவரியே இல்லாமற் போன வியாபாரிகளால் பலர் நஷ்டமடைந்திருக்கின்றனர். விதைக்குமுன், இன்ன சரக்கு, இன்ன ஈரம், இன்ன விலை என்று எழுத்தில் பெற்றாலன்றி நிலத்தைக் கொடுக்கலாகாது. 1983-இல் தொடங்கப்பட்ட டாம்ப்கால் என்னும் அரசாங்க மூலிகை மருந்துக் கழகமும், மற்றச் சித்த மருந்து உற்பத்திச் சாலைகளும் எந்தச் சரக்கை எப்பொழுது வாங்குகின்றன என்று முன்கூட்டியே விசாரிப்பது நலம். செடியின் அடையாளத்தில் சந்தேகம் வந்தால், பூவும் காயும் உள்ள கிளையைப் பழைய காகிதத்தின் இடையில் அழுத்தி உலர்த்தி, அண்ணாமலைப் பல்கலைக் கழகத்துத் தாவரவியல் துறையில் காட்டலாம். பெயரை மட்டும் சொல்லிக் கேட்பதில் பயனில்லை. ஒரே பெயர் ஊருக்கு ஊர் வேறு செடியைக் குறிக்கும்.

கிராம நிர்வாக அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பழைய தென்னார்க்காடு ஜில்லா 1993-இல் பிரிக்கப்பட்டுக் கடலூர் தனி ஜில்லாவான காலத்திற்குப் பின், சாலைகள் அகன்றும், மண் வேலிகள் போய்க் கல்தூணும் முட்கம்பியும் வந்தும், வேலிப் பச்சிலைகளுக்கு இடம் சுருங்கியிருக்கிறது. 2002-ஆம் வருஷத்து உயிரினப் பன்மைச் சட்டப்படி, ஊராட்சிதோறும் அமையும் குழு தன் எல்லையிலுள்ள தாவரங்களையும் அவற்றின் பிரயோகத்தையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அப்பதிவேட்டை அலுவலகத்தில் உட்கார்ந்து நிரப்புவது எளிது. ஊரிலுள்ள நாட்டு வைத்தியரையும் ஆடு மேய்ப்போரையும் அழைத்துக்கொண்டு புறம்போக்கிலும் ஏரிக்கரையிலும் ஒரு காலை நடந்து எழுதினால்தான் அது உதவும். நாயுருவி கதிர் விட்டும் கண்டங்கத்திரி காய்த்தும் நிற்கும் தை, மாசி மாதங்கள் அதற்கு ஏற்றவை. அப்பொழுது வரப்பும் காய்ந்து நடக்கத் தோதாயிருக்கும்.